பூஜையறைக் கம்ப்யூட்டர்

பாகலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மாதவன் லேப் உதவியாளர். பிழைக்க வந்த விருதுநகர்க்காரர். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனுஷன். ஆனால் அவரிடம் கொடுக்க இருந்ததோ ஒரே ஒரு சிடி. மின்சுற்றைத் திரையில் வரைந்து சோதித்துப் பார்க்கும் மென்பொருள். மாணவர்கள் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கம்பெனியே விட்ட பழைய பதிப்பு. வயரைத் தப்பாக மாட்டினாலும் புகை வராது. புதிய பதிப்பு எதுவும் கல்லூரியின் கிழட்டுக் கம்ப்யூட்டர்களில் ஏறாது.

லேத்துக்கும் லாரிக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற ஊரில் சிடிக்கும் பொட்டு உண்டு. இந்த வருஷம் பளபளக்கிற பக்கம்தான் முகம் என்று நினைத்து அங்கே சந்தனத்தை அப்பிவிட்டார். காய்ந்த சந்தனத்தை மறுநாள் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி விபூதி போட்டுத் தேய்த்தார். சந்தனம் போயிற்று, கூடவே சிடியும் போயிற்று. பிரின்சிபாலோ பூஜைக்காகக் கம்ப்யூட்டர்களை வெளியே துடைத்தது போதாதென்று, உள்ளே இருந்ததையும் துடைத்து அழிக்க வைத்திருந்தார். அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு.

முன்பு அந்த மென்பொருளை ஏற்றிக் கொடுத்த இடங்களிலெல்லாம் மாதவன் போய்க் கேட்டார். ஒருத்தன் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டிருந்தான். இன்னொருத்தி வீட்டில் அதன்மேல் மிக்சி உட்கார்ந்திருந்தது. மிஞ்சியது பழைய மாணவி காவியா. இப்போது ஓசூரில் கம்பெனி வேலை. சாமல்பட்டி வீட்டில் கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறது, அப்பாதான் ஒரு மாதிரி என்று இழுத்தாள்.

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் மாலையோடு பூஜையறையில் இருந்தது. மகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்த தெய்வமாம். அவள் அப்பா நாராயணப்பன், விவசாயி, மாதவனைக் கால் கழுவ வைத்தார், காபி கொடுத்தார். பென்டிரைவை மட்டும் செருக விடவில்லை. சாமி உடம்பில் எதையாவது செருகுவார்களா என்று கேட்டார். கேள்வி என்னவோ நியாயம்தான். பிள்ளைகள் பெயிலாகிவிடுவார்கள் என்று மாதவன் கெஞ்சினார், கண்கூடக் கலங்கினார். மனுஷன் அசையவில்லை.

கடைசியில் மாதவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமின்னா பிரசாதம் குடுக்கணும்லங்க. உங்க சாமி இதுவரைக்கும் வெளியாளு ஒருத்தருக்காவது ஏதாவது குடுத்திருக்கா?"

நாராயணப்பனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. தன் வீட்டுச் சாமியைக் கஞ்சன் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ராகு காலம் முடியும்வரை காத்திருந்து, சூடம் காட்டி, அவரே சுவிட்சைப் போட்டார். மென்பொருள் பென்டிரைவில் இறங்கி முடித்ததும் மாதவனுக்கு உயிர் வந்தது. நாராயணப்பன் கவலையோடு திரையை எட்டிப் பார்த்தார்.

"குடுத்துட்டா உள்ள தீந்து போயிருமுங்களா சார்?"

"தீராதுங்க. எத்தன பேருக்குக் குடுத்தாலும் அப்படியே இருக்கும்."

"அப்ப சாமியேதானுங்க."

அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஊரில் யார் யார் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். தட்டில் வெற்றிலை வைத்து, அதன்மேல் பென்டிரைவை வைத்து மாதவன் கையில் கொடுத்தார். மணியை ஆட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, ஓசூர் பஸ்ஸை விட்டுவிட்டு மாதவன் வீடு வீடாகப் பின்னால் போனார்.