முனி வாயிலிருந்து எடுத்த சுருட்டு

நான் சுருட்டுப் பிடிப்பேன். பல்வலிக்கு என்று தொடங்கியது. பல் விழுந்துவிட்டது, சுருட்டு நிற்கவில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

எனக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கு நூல், நெய்து முடிந்ததும், பழைய நூல்களின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். கணவர் இறந்த பிறகு அதில்தான் சாப்பாடு. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதித் தறி ஒரே முதலாளிக்கு ஓடியது. அவர் கூப்பிட்டால் அடுப்பு எரியும். கூப்பிடாவிட்டால் எரியாது. அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷங்கள் அவை.

தறி வீட்டில் நான் பிடித்ததே இல்லை. பட்டு எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும். அது எனக்குத் தெரியாதா? வேலை முடிந்து, கை கழுவி, என் வீட்டுக் கொல்லையில் வேலி ஓரம் உட்கார்ந்து பிடிப்பேன். கொல்லை என்னுடையது. வாயும் என்னுடையது.

அந்த ஆடி மாதம் ஒரு கல்யாணச் சேலை கடையிலிருந்து திரும்பி வந்தது. புகையிலை நாற்றம் அடிக்கிறது என்றார்களாம். முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். தறிக்காரர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். சேலையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாரும்மா.”

மோந்து பார்த்தேன்.

“மூக்குப்பொடி வாசன அடிக்குது மொதலாளி.”

அவர் சட்டைப்பையில் பொடி டப்பா எப்போதும் இருக்கும். பின்னால் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். முதலாளி முகம் கறுத்துவிட்டது.

“வாயி ரொம்ப நீளுது ஒனக்கு. ஞாயித்துக்கெழம முனிக்குப் பொங்க வெக்கிறோம். வந்து அல்லார் எதிர்லயும் கற்பூரத்த அணச்சி சத்தியம் பண்ணு, இனிமே சுருட்ட தொடமாட்டேன்னு. பண்ணா வேல இருக்குது. இல்லன்னா வேற எடம் பாத்துக்க.”

“வரேன் மொதலாளி.”

வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

தாமல் போகிற வழியில், ஏரிக்கரையில் ஒரு பனங்கூட்டத்துக்குக் கீழே அந்த முனி இருந்தார். சுதைச் சிலை. உட்கார்ந்த கோலம், முறைத்த கண், கையில் அரிவாள். உதட்டோரம் சுருட்டுக்கென்றே ஓட்டை விட்டிருந்தார்கள். படையல் ஆகிறவரை யாரும் சாப்பிடக் கூடாது. நானும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.

முதலாளி சாமிக்கு ஒரு சுருட்டு வாங்கி வந்திருந்தார். நாங்கள் பிடிப்பது கட்டாகக் கட்டி விற்கிற மெலிசுச் சுருட்டு. இது தெற்கேயிருந்து சொல்லி வரவழைத்தது. கட்டைவிரல் மொத்தம். நல்ல கறுப்பு. எண்ணெய் தடவினாற்போல் இலையில் ஒரு மினுக்கு. இடுப்பில் சிவப்புக் காகித வளையம். அப்படி ஒன்றை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பூசாரி அதைப் பற்றவைத்து முனி வாயில் செருகினார். முழுசும் எரிந்தால் நல்லது. அணைந்தால் மிச்சத்தை ஆண்கள் எடுத்து, பிரசாதம் என்று மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். அதுதான் வழக்கம். அன்றைக்கு அது பற்றின வேகத்தில் அணைந்தது. அவ்வளவு மொத்தச் சுருட்டு இழுக்காமல் எரியாது.

பூசாரி என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா? நீ வந்து நின்னுக்கினு இருக்கற, சாமி வாங்க மாட்டேன்றாரு.”

முதலாளி கற்பூரத் தட்டை நீட்டினார். “ம், அணைம்மா.”

“சாமிக்கு நல்லதுன்னு குடுக்கறீங்க. எனக்கு மட்டும் எப்பிடி மொதலாளி கெட்டது?”

“அவுரு சாமிம்மா.”

“சரி. சாமி மிச்சம் வெச்சத யாரு புடிக்கறது?”

“ஆம்பளைங்க.”

“பொங்க மிச்சத்த நானுந்தானே துன்றேன்?”

நான் எட்டி, முனி வாயிலிருந்து சுருட்டை எடுத்தேன்.

“ஐயையோ! ரத்தம் கக்கப் போற நீ!” என்றார் பூசாரி.

“கக்கறப்போ பாத்துக்கலாம்.”

சத்தியத்துக்கு என்று ஏற்றிய கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டிருந்தது. அதிலேயே நுனியைக் காட்டி, உருட்டி உருட்டிப் பற்றவைத்தேன். முதல் இழுப்பு கற்பூரமாகக் கசந்தது. இரண்டாவதில் மிளகு. நாக்கில் இல்லை, மூக்கின் உள்ளே. பிறகு அது அடங்கி, வறுத்த காப்பிக்கொட்டை போல ஒரு ருசி வந்தது. அடியில் கருப்பட்டி மாதிரி லேசான தித்திப்பு. புகை கெட்டியாக, கூழ் மாதிரி வாயை நிறைத்தது. இதை நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது. வாயில் வைத்திருந்து விட வேண்டும். அவசரப்படாமல் பிடித்தேன்.

பாதிக்கு வந்தபோது ருசி மாறியது. மண்ணும் தோலும் கலந்தாற்போல் கனத்தது. வெறும் வயிறு. காது அடைத்தது. பனைமரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

“உழுந்துரும் பாரு,” என்றார் ஒரு தறிக்காரர்.

“உழுந்தா முனி அடிச்சிட்டார்னு அர்த்தம்,” என்றார் பூசாரி, எல்லோருக்கும் கேட்க.

அது எனக்கும் தெரியும். நான் விழுந்தால் போச்சு. சாமி அடித்த பெண்ணை எந்தத் தறி வீட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். சுருட்டைக் கீழே போட்டாலும் அதே கதைதான். காலை அகட்டி நின்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

பொங்கல் பொங்கி இறக்கியாகிவிட்டது. யாரும் இலை போடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியின் மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்தார். ஒரு வெல்லக் கட்டியை என் இடது கையில் வைத்தார்.

“வாயில அடக்கிக்கம்மா. வெறும் வயித்துல நிக்கிற.”

“ஏய், நீ இன்னா பண்ற?” முதலாளி கத்தினார்.

“பிரசாதம் குடுக்கறேன். நீங்க சும்மா இருங்க.”

வெல்லம் கரையக் கரையத் தலை நின்றது. மரங்களும் நின்றன. வெல்லத்தோடு அந்தப் புகை இன்னும் நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு ருசி அதற்கப்புறம் கிடைக்கவில்லை. காகித வளையத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரல் சுடும்வரை பிடித்தேன். துண்டை முனியின் காலடியில் வைத்துக் கும்பிட்டேன்.

“இனிமே எங்கிட்ட ஒனக்கு வேல கெடையாது,” என்றார் முதலாளி.

“சரிங்க.”

ஏரிக்கரை மறைகிறவரை நேராக நடந்தேன். மறைந்ததும் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ரத்தம் இல்லை. பார்த்தேன்.

மறுநாள் எங்கள் தெருவில் யாரும் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஊரின் மறுபக்கம் பிள்ளையார்பாளையம் போய் வீடு வீடாகக் கேட்டேன். தெலுங்கு பேசுகிற ஒரு நெசவாளர் தன் வீட்டு வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். சேதி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

“முனி வாயில இருந்து புடுங்கனது நீதானாம்மா?”

“ஆமாங்க.”

“கை நடுங்குதா?”

நீட்டிக் காட்டினேன்.

“உள்ள வா. பாவு காத்துக்கினு இருக்குது.”

அங்கே கூலி குறைவு. நடை அதிகம். சத்தியம் மட்டும் யாரும் கேட்கவில்லை.