ஜால்ராவைத் தேடியவர்

ஐயம்பேட்டை மாணிக்கவாசகத்துக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, பட்டில் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். மற்றொன்று, அவர் வீட்டுக் கூடத்தில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள். தறியை விட்டு எழுந்ததும் தேவாரம் போட்டுவிட்டு, மனைவி தில்லையம்மாளோடு எதிரே உட்காருவார். அந்த நேரத்தில் எமனே வந்தாலும் வாசலில் நிற்கவேண்டியதுதான்.

அந்தப் பாட்டில் திடீரென்று ஜால்ராவைக் காணோம். ட்வீட்டர் போய்விட்டது என்றார். கீச்சுச் சத்தமெல்லாம் அந்தக் குட்டி ஸ்பீக்கரில்தானே வரும்? மெக்கானிக் ஜான்சன் வந்து புதிது மாட்டினான். ட்ரெபிளைக் கடைசிவரை திருகி, வால்யூமையும் ஏற்றிப் பார்த்தார். ம்ஹூம்.

"பொட்டி நல்லாத்தான் பாடுது பெரியவரே," என்றான் ஜான்சன்.

"உனக்கு வேலை தெரியலப்பா, போ!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாய்தான் அப்படிச் சொன்னது, கோளாறு பெட்டியில் இல்லையோ என்ற பயம் உள்ளே இருந்தது. வாரக்கணக்கில் அதே பயம், அதே சத்தம்.

ஒரு சாயங்காலம் பொறுக்கமுடியாமல், பட்டிழை ஒன்றின் நுனியை ட்வீட்டரில் ஒட்டி, மறுநுனியை விறைப்பாகப் பிடித்தார். தாளம் விழவேண்டிய இடத்திலெல்லாம் இழை விரலில் துள்ளியது. ஜால்ரா ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்குத்தான் கேட்கவில்லை.

இன்றைக்கு ஜால்ரா, நாளைக்கு எது போகும்?

"தில்லை!"

பக்கத்திலேயே மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. இன்னொரு தரம் கத்தினார். அசையவில்லை. ஐயோ, நான் வைத்த சத்தத்தில் இவள் காதும் போய்விட்டதா? பதறிப்போய்த் தோளை உலுக்கினார்.

அவள் நிமிர்ந்து, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தாள்.

"இது இன்னாத்துக்குமா?"

"பின்ன? காதைக் கிழிக்குதே!" பாட்டுக்கு மேல் அவளும் கத்தினாள். "நீங்க ஆசையா கேட்டுக்கினு இருக்கீங்களேன்னு அடைச்சிக்கினேன்."

அவமானம் பிடுங்கித் தின்ன, பெட்டியை அணைத்தார். கூடம் அமைதியானது. தில்லையம்மாளின் குரல் எப்போதுமே மெல்லிசு. மொச்சையைக் கையிலெடுத்துக்கொண்டு, வழக்கம்போல் ஏதோ சொன்னாள். உதடு அசைவதுதான் தெரிந்தது.

அவருக்கு உயிரே போய்வந்தது. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கே காது டாக்டராண்ட போலாம்மா," என்றார். "பாட்டு போனா போவுது. நீ இப்ப சொன்னது எனக்குக் கேக்கல."