ஆணி இல்லாத செருப்பு

தேவமணி பிடித்தால் பிடித்ததுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசித் தெருப் பெண்கள் எல்லாரும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, பட்டாளத்துக்குத் தோல்பை தைத்த பழைய மிஷின் ஒன்றை மதுரையில் ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாள். தெருவே கூடிச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் புருஷன் சேசுராஜ் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். முந்தின வருஷம் அங்கே கூட வேலை பார்த்த ஆண்டிச்சாமியின் செருப்பாணி வாசற்கல்லில் உரசிப் பொறி பறந்து, சிந்திக்கிடந்த மருந்து பற்றிக்கொண்டது. பாவி மனுஷனுக்கு ரெண்டு காலும் வெந்துபோச்சு. அன்றைக்கே தேவமணி முடிவு கட்டிவிட்டாள். இனிமேல் மருந்து அறைக்குள் போகிற செருப்பில் இரும்பே இருக்கக் கூடாது, முழுக்கத் தையல்தான். போர்மேன் அய்யாதுரையிடம் நச்சரித்து ஆர்டரும் வாங்கினாள்.

வாங்கி என்ன செய்ய? மிஷின் மக்கர் பண்ணியது. முதல் ஜோடி சேசுராஜுக்கு. அதன் குதிகாலைத் தைக்கும்போதே ஊசி டக்கென்று ஒடிந்தது. "சனியன் பிடிச்ச ஊசி" என்று கழற்றி டப்பாவில் எறிந்துவிட்டு, வேறு ஊசி போட்டு ஒருவழியாக முடித்தாள். அடுத்த ஜோடிகளில் தையல் நாலு விழுந்தால் ரெண்டு தாவியது.

அய்யாதுரை வந்து பார்த்தார். "தாயி, விட்டுப்போன இடத்துல ரெண்டு ஆணி அடிச்சிரு. யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?"

"மருந்து கலக்குறது எம் புருஷன், அண்ணாச்சி. ஆணி அடிக்கணும்னா மொதல்ல எம் மண்டையில அடிங்க." அவர் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையில் சேசுராஜ் புதுச் செருப்பை மாட்டி, "ஏட்டி, மாப்பிள்ளை கணக்கா இருக்கேனா?" என்று தெருவில் நடந்து காட்டிவிட்டு வேலைக்குப் போனான். இவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். இன்றைக்கு நீயா நானா பார்த்துவிடுவோம்!

நூலை மாற்றினாள். திருகை இறுக்கினாள், தளர்த்தினாள். அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றித் துடைத்தாள். ம்ஹூம். புது ஊசி போட்டால் மட்டும் கொஞ்ச தூரம் முத்து முத்தாக விழும். அப்புறம் பழையபடி தாவல்.

அப்படியானால் கோளாறு மிஷினில் இல்லை, ஊசியில்தான் ஏதோ ஏறுகிறது. கழற்றி வெயிலில் பிடித்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய ஊசி செம்புக்காசு மாதிரிச் சிவந்து பிசுபிசுத்தது. பசை! தைப்பதற்கு முன் தோலோடு தோலை ஒட்ட அவள் தடவியது தீப்பெட்டிப் பசை, பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்தது. சிவகாசிக்காரிக்கு எதை ஒட்டவும் கை அங்கேதானே போகும்! காயுமுன் தைத்ததில் துத்தத்திலிருக்கிற செம்பு ஊசியில் ஏறிச் சொரசொரத்து, நூலைப் பிடித்து இழுத்திருக்கிறது. "அடி கூறுகெட்டவளே" என்று தன்னையே வைதுகொண்டாள்.

முதலில் ஒடிந்த ஊசியும் இப்படித்தான் சிவந்திருந்ததா என்று பார்க்க டப்பாவைக் கவிழ்த்தாள். மேல்துண்டு இருந்தது, சிவந்துதான் இருந்தது. முனையைக் காணோம். மிஷினுக்கடியில் துழாவினாள், தரையைக் கூட்டிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. அது சேசுராஜின் செருப்புக்குள் இருக்கிறது.

வீட்டைக்கூடச் சாத்தாமல், கையிலிருந்த தோல்கத்தியோடு கம்பெனிக்கு ஓடினாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

"அண்ணாச்சி! அவுகளை வெளிய கூப்பிடுங்க! செருப்பைக் கழத்திக் கையில எடுத்துட்டு வரச் சொல்லுங்க!"

சேசுராஜ் வெறுங்காலோடு வந்தான். "என்னட்டி, கத்தியோட வந்து நிக்கே?"

அவள் செருப்பைப் பிடுங்கித் திருப்பினாள். குதிகாலின் அடித்தோலைத் துளைத்துக்கொண்டு முனை பொட்டுப்போல் எட்டிப்பார்த்தது. அங்கனயே உட்கார்ந்து தையலை அறுத்து அதை எடுத்து அய்யாதுரையின் கையில் வைத்தாள்.

"ஆணி வேண்டாம்னு உங்ககிட்ட அம்புட்டுச் சண்டை போட்டேன் அண்ணாச்சி. நானே வச்சுத் தச்சு அனுப்பியிருக்கேனே" என்று வாய்விட்டு அழுதாள்.

வீடு திரும்பியதும் தைத்த ஜோடி அத்தனையையும் பிரித்துப் போட்டாள். பசையைச் சுரண்டி, கழுவி, காயவைத்தாள். ஒட்டுகிற வேலையே வேண்டாமென்று தோலை நூலால் கட்டிக்கொண்டாள். ஒடிந்த ஊசியின் ரெண்டு துண்டும் கைக்கு வந்து சேர்ந்தால்தான் அடுத்த தையல் என்று தனக்கே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் சேசுராஜ் வந்து, பிரிந்த செருப்பை அவள் மடியில் போட்டான்.

"நாளைக்கு வெறுங்காலோட போங்க" என்றாள் அவள், நிமிராமல்.

"எதுக்கு? நீ தச்சதைத்தான் போடுவேன். தையி."

புது ஊசியைத் தடவிப் பார்த்து மாட்டினாள். குதிகாலைச் சுற்றித் தைத்தாள். தையல் ஒன்றுகூடத் தாவவில்லை.