மூன்றாவது மென்பொருள் எழுதிய வரி

அந்தத் துணி ஆலையில் எல்லாருக்கும் அவள் 'மினிட்ஸ் அக்கா'. பத்தொன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். மேனேஜர் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "கூட்டத்துல பேசுறத கேட்டுத் தானா எழுதுற ஏஐ மென்பொருள் மூணு வந்திருக்கு. ஓட்டிப் பார்த்து எது தேவலன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். தன் வேலைக்கு உலை வைக்கத் தன்னிடமே கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு பயமும் இருந்தது. ஒரு வருடமாக அவளுக்கு இடது காது மந்தம். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாரும் வலப்பக்கம் வரும்படி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சமாளித்து வந்தாள்.

முதல் மென்பொருள் நான்கு பேர் பேச்சை ஒருவர் தலையில் கட்டியது. இரண்டாவது, "சாயம் மாத்தணும்" என்றதை "சாயங்காலம் மாத்தணும்" என்று எழுதியது. அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

மூன்றாவதை வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் ஓட்டினாள். மதியம் அது எழுதியதைத் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்தபோது, கடைசி வரி அவள் நோட்டில் இல்லை.

"ரெண்டாம் பாய்லர் சேஃப்டி வால்வு ஒட்டிக்கிட்டு நிக்குது. கழட்டிப் பார்க்காம பத்த வைக்க வேணாம். எழுதிக்குங்கக்கா."

இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் சொன்னது. கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து நாற்காலிகளை இழுத்த சத்தத்தில், அவளுடைய இடப்பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். விடைபெறுகிறார் என்று நினைத்து அவள் தலையாட்டியிருந்தாள். அவர் மதியத்தோடு லீவில் போய்விட்டார். இரண்டாம் பாய்லரை மூன்று மணிக்குப் பற்றவைக்கலாம் என்று அவள் எழுதிய சீட்டு, மேனேஜர் கையெழுத்தோடு பாய்லர் அறைக்குப் போயிருந்தது.

மணி இரண்டு ஐம்பது. பாய்லர் அறைக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

பாய்லர்காரர் சுவிட்சில் கை வைத்திருந்தார்.

"வேணாம், நிறுத்துங்க."

"மேனேஜர் கையெழுத்து இருக்கேக்கா?"

"சீட்டு எழுதினது நான். தப்பா எழுதிட்டேன்."

வால்வைக் கழற்றினார்கள். நீராவி அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்க வேண்டிய அது, துரு ஏறி அசையாமல் இறுகியிருந்தது. பாய்லர்காரர் அதைக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மேனேஜர். 'பிறகு ஞாபகம் வந்தது' என்று சொல்லி அவள் தப்பியிருக்கலாம். ஆனால் மூன்றாவது மென்பொருள் எழுதிய வரியைக் காட்டி, தன் காதைப் பற்றியும் சொன்னாள்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா வேலை போயிடும்னு பயம் சார். மூணாவதையே வாங்குங்க. ஆனா அது எழுதினதையும், பேசினவர் படிச்சு கையெழுத்துப் போடாம வெளிய விடாதீங்க. அதுக்கும் எங்கயாவது காது கேக்காமப் போகும்."

மேனேஜர் சிரிக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கையெழுத்து வாங்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார். லீவிலிருந்து வந்த ஃபிட்டர் இரண்டு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் வாரம் அவள் நீட்டிய தாளை வரிவரியாகப் படித்தார். ஒரு இடத்தில் அடித்துத் திருத்தி, "இங்க தப்புக்கா" என்று வலப்பக்கம் வந்து நின்று சொன்னார்.