முதலாளி ஓட்ட, நான் பின்னால்

சாரதி வேலை பார்க்கும் சகோதரங்களே, முதலாளியை நாங்கள் முழுதாகப் பார்ப்பதில்லை; முன்னால் தொங்கும் சின்னக் கண்ணாடியில் தெரியும் அரை முகத்துக்குத்தான் ஆயுள் முழுக்க "ஓம் சேர்" சொல்கிறோம். கொழும்பில் வேலைநிறுத்தங்கள் நடத்தி, துண்டுப்பிரசுரங்களிலேயே படித்து ஆளானவன் நான். எழுபதுகளில் சிட்னிக்கு வந்தும் விடவில்லை. சாரதிகள் சங்கச் செயலாளர் பதவிக்கு நின்றேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஹிராயாமா என்ற ஜப்பானியக் கம்பளி வியாபாரியிடம் வேலை கிடைத்தது.

முதல் நாள்

கிழவர் என்னிடம் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டார். பின் கதவைத் திறந்து, குனிந்து வணங்கினார். அவருடைய ஊரில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே முதல் மோட்டார் ஓட்டியவர் அவராம். இன்னொருவன் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் பல் கூசுமாம். வயதைக் காட்டிக் கம்பனிதான் சாரதி வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதாம்.

"நீங்கள் சம்பளத்துக்கு உட்காருங்கள். நான் ஆசைக்கு ஓட்டுகிறேன்."

கச்சேரி

சிட்னியில் யார் ஜப்பானிய வாத்தியம் வாசித்தாலும் செலவு அவருடையது. ஒரு நாள் மண்டப வாசலில் நின்றவர்களுக்கு அவரைத் தெரியாது. காரின் பின்பக்கத்தால் இறங்குகிறவன் என்ன நிறமானாலும் பெரிய மனுசன்தானே! எனக்குப் பூங்கொத்துத் தந்து முன் வரிசையில் இருத்தினார்கள். அவரைச் சமையல் நடக்கும் குசினிப் பக்கம் அனுப்பினார்கள், சந்தோசமாகப் போனார். வீடு திரும்பும்போது சொன்னார்:

"புரவலர் குறட்டை விடுகிறார் என்று குசினியில் ஏசினார்கள். நானும் சேர்ந்து ஏசினேன்."

சிவப்பு விளக்கு

ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் அருகே கார் நின்றது. நடைபாதையில் என் தேர்தல் பிரசுரத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றவர் என் சக சாரதி மகாலிங்கம். குனிந்து ஒளித்தேன், கண்டுவிட்டார். யன்னலுக்குள் தலையை விட்டார்.

"அண்ணை, முதலாளி ஓட்ட, நீங்கள் பின்னால கால் நீட்டிக்கொண்டு... புரட்சி முடிஞ்சுதெண்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே?"

தேர்தல் கூட்டம்

கதை பரவியது. வாகனம் ஓட்டாதவனுக்குச் சங்கத்தில் பதவி எதற்கு என்று எதிராளி எழுந்து கேட்டார். எத்தனையோ கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசித் தேடிய பதவி, கண்ணெதிரே நழுவியது. "என் முதலாளியையே கேளுங்கள்!" என்று கத்தினேன். வெளியே காரில் இருந்தவரைக் கூட்டி வந்தார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நன்றாக யோசித்தார், சபையை வணங்கினார்.

"மிக உயர்ந்த சாரதி. என் வாழ்நாளில், பின்னால் இருந்து எனக்கு வழி சொல்லாத ஒரே மனிதர் இவர்தான்."

எந்த வேலைநிறுத்தத்திலும் எந்த முதலாளியாலும் வீழ்த்த முடியாத என்னை, மகாலிங்கத்தின் கைகூட எனக்காக உயராத அளவுக்கு, ஒரு முதலாளி பாராட்டியே வீழ்த்தினார்.