ஜன்னலைச் சாத்தி வைத்த வீடு

எண்ணூரில் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தி வைத்தது நான்தான். காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும். கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும். அதனால் படுக்கையறையிலேயே கயிறு கட்டித் துணி காயப்போட்டேன். வீடு சுத்தமாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

முதல் மழைக்காலத்திலேயே வடக்குச் சுவரில் ஓதம் ஏறியது. பீரோவின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை தெரிந்தது. பொங்கலுக்கு அதன் மேலேயே பெயிண்ட் அடித்தோம். ஐப்பசியில் மறுபடி வந்தது. மறுபடி அடித்தோம். பெட்டியில் இருந்த பட்டுப்புடவைகூட ஊறிய சாக்கு மாதிரி நாறியது.

அந்தச் சுவரை ஒட்டித்தான் என் கணவரின் கட்டில். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுவது அவர் வேலை. மூன்றாவது மழைக்காலத்தில் அவருக்கு மூச்சிழுப்பு வந்தது. பீடியை விட்டுப் பல வருடம் ஆகியும், "பீடி பண்ண வேலை" என்று அவரைத்தான் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்ல ஓதம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். வூடு சுத்தமா கீது" என்றேன்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பொய் என்னைத் தூங்கவிடவில்லை. மழை ஓய்ந்ததும் தெரிந்த கொத்தனாரை அழைத்து வந்தேன். இருவருமாகப் பீரோவை நகர்த்தினோம். பின்னால் ஆள் உயரத்துக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது.

"இன்னாக்கா, ஜன்னல தொறக்கறதே இல்லியா?" என்றார் கொத்தனார்.

"தொறந்தா சாம்பலு வுழுதுப்பா."

"உள்ளயே துணி காயப்போட்டா அந்த ஈரம் எங்கக்கா போவும்? செவுத்துலதான் எறங்கும். மேல பெயிண்ட் அட்ச்சா, உள்ள அது பாட்டுக்கு வளந்துகினே இருக்கும்."

சுவர் வேலை முடியும்வரை இருக்கட்டும் என்று மகள் வந்து, என் கணவரை வியாசர்பாடியில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். புறப்படும்போது அவரிடம் சொன்னேன்: "டாக்டராண்ட பொய் சொல்லிட்டேன்."

"பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்" என்றார். "நீ வெக்கப்பட்ட. வுடு."

கொத்தனார் கெட்டுப்போன பூச்சைக் கொத்தி எடுத்தார். வெயிலில் சுவரை நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் பூசிச் சுண்ணாம்பு அடித்தார். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். துணி மாடிக்குப் போனது. பகலெல்லாம் ஜன்னல் திறந்திருந்தது. சாம்பலைக் காலையும் மாலையும் ஈரத் துணியால் துடைத்தேன். அடுத்த மழைக்கு ஒரு மூலையில் மட்டும் விரல் அகலத்துக்குப் பூஞ்சை எட்டிப் பார்த்தது. பிளீச்சிங் தண்ணீரால் துடைத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்துக் காயவிட்டேன். அது பரவவில்லை.

சுவர் தேறியது. அவர் தேறவில்லை. வீடு திரும்பிய பின்பும் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினார். மழை விட்ட ஒரு நாள், "இன்னிக்கி வேலைக்குப் போறேன்" என்று கிளம்பினார். நான் தடுக்கவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். வாசற்படியில் நின்று வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"தார்ப்பா கயித்த இஸ்து கட்ட முடியல" என்றார்.

சோறு போட்டேன். பாதியில் கை கழுவிவிட்டார். அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. நான்தான் மீன் பேக்கிங் கொட்டகைக்குப் போகிறேன்.