கான்சர் மருந்தும் கோயில் பொன்னாடையும்

கோயில் திருவிழாவுக்காகத் தலவாக்கலையில் பஸ் மாறி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கான்சருக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகத் தோட்டம் முழுக்கப் பேச்சாம். எனக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்களாம்.

இது அண்ணனின் வேலை. புற்றுநோய்க் கலங்கள், அதாவது செல்கள், பெருக உதவும் ஒரு நொதியத்தை, கொழும்பு ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்த சேர்மம் தடுத்து நிறுத்துகிறது என்று அவரிடம் போனில் சொல்லியிருந்தேன். அது சோதனைக் குழாயில் நடந்தது. அடுத்த கட்டத்தில் அதே சேர்மம் நல்ல கலங்களையும் சேர்த்துக் கொன்றது. முந்தின வாரம்தான் அதைக் கைவிட்டிருந்தோம்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பொன்னாடை வாங்கியாகிவிட்டதே என்பதுதான் அண்ணனின் கவலை.

அண்ணி வடை தட்டிக்கொண்டிருந்தார். மார்பில் ஆபரேஷன் செய்த பிறகு தினமும் மாத்திரை எடுப்பவர். கையைக் கழுவிவிட்டு வந்து, மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டி, இது உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டார். அவருக்கு வந்த கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் தீனி, அதை உடம்பில் உண்டாக்கும் நொதியத்தை இந்த மாத்திரை வேலை செய்ய விடாது என்றேன். நாங்கள் தேடுவதும் இந்த மாதிரி ஒன்றைத்தான், வேறொரு நொதியத்துக்கு.

"அப்ப இத கண்டுபிடிச்சவங்களும் தோத்துத்தான் இருப்பாங்க?"

"நெறைய தடவ, அண்ணி."

"அவங்க விட்டுட்டுப் போயிருந்தா நான் இங்க வடை சுட்டுகிட்டு இருக்கமாட்டேன். நீ போயி பொன்னாடைய வாங்கிக்க புள்ள. இன்னும் தேடிகிட்டுத்தான் இருக்கோம்னு மைக்குல சொல்லு."

அப்படியே சொன்னேன். கோயில் தலைவர் எழுந்து, பரவாயில்லை, மருந்து கிடைத்ததும் இன்னொன்று போர்த்துகிறோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

பிறகு, கட்டி தெரிந்தால் ஒளிக்காமல் காட்டுங்கள் என்று அண்ணி மைக்கை வாங்கிப் பேசினார். மேடையிலிருந்து இறங்கியதும் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருவர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

நான் கொழும்புக்குத் திரும்பி, சேர்மத்தின் ஒரு பக்கத்தை மாற்றி மறுபடி ஆரம்பித்தேன். அண்ணி அந்தப் பெண்ணை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பரிசோதனை முடிவு வந்தபோது, அது பயப்பட வேண்டிய கட்டி இல்லை. அன்று சாயங்காலம் எனக்கு ஒரு படம் வந்தது: நுவரெலியா ஏரியில் அன்னப்பறவைப் படகில் இரண்டு பேரும், கையில் ஐஸ்கிரீமோடு, அந்தக் குளிரிலும்.